ஆட்டுக்கு என்ன லாபம்?

உங்கள் பையன் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து, "அம்மா, நாளைக்கு எங்கள் வகுப்பில் சினிமா!" என்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். "என்ன படம்?" என்று கேட்பீர்கள். "பார்க்கிற சினிமா இல்லை, அம்மா. நாங்களே எடுக்கப் போகிற சினிமா!" என்று அவன் சொன்னால்? ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பேப்பரைத் தணித்துக் கொண்டு நிமிர்ந்து பார்ப்பார். "பாடம் படிக்க அனுப்பினால் படம் பிடிக்கவா சொல்லிக் கொடுக்கிறார்கள்? இதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?"

கேள்வி நியாயமானதுதான். இதே கேள்வியை 1966-ஆம் வருஷம் வேறொரு தாத்தாவும் கேட்டார். அவர் இருந்த ஊர் அமெரிக்காவில், அரிஜோனா மாகாணத்தில் உள்ள பைன் ஸ்பிரிங்ஸ். பெயர் ஸாம் யாஜி. நவஹோ என்னும் பூர்வகுடி மக்களைச் சேர்ந்தவர். மூலிகை, மந்திரம், நோய் தீர்க்கும் சடங்கு எல்லாம் அறிந்த வைத்தியர். அவர் சரி என்றால் ஊரே சரி என்னும்.

அவரைப் பார்க்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் ஸால் வொர்த். பென்ஸில்வேனியா சர்வகலாசாலையில் சினிமா கற்பித்தவர். மற்றவர் ஜான் அடேர். மானிடவியல் ஆராய்ச்சியாளர், நவஹோக்களின் வெள்ளி வேலையைப் பற்றி 1944-லேயே புத்தகம் எழுதியவர். இந்த ஊர்க்காரர்கள் சிலருக்குச் சினிமா எடுக்கக் கற்றுக் கொடுக்க வேண்டும், அதற்குப் பெரியவர் சம்மதிக்க வேண்டும் என்று விண்ணப்பித்துக் கொண்டார்கள்.

கிழவர் நிதானமாகக் கேட்டுக் கொண்டார். படம் எடுப்பதால் ஆடுகளுக்கு ஏதாவது கெடுதல் உண்டா என்றார். வொர்த்துக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுலபமான கேள்வியா! ஒரு கெடுதலும் இல்லை என்று உறுதி கூறினார். கிழவர் சற்று யோசித்தார். சரி, ஆடுகளுக்கு ஏதாவது நன்மை உண்டா என்றார். இல்லையென்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் எதற்காகப் படம் எடுக்கிறது என்று கேட்டுவிட்டுச் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார் கிழவர்.

சிரித்து விடாதீர்கள். நவஹோக்களுக்கு ஆடுதான் சோறு, ஆடுதான் போர்வை, ஆடுதான் சொத்து. நம் வீட்டுத் தாத்தா மார்க்கு வருமா என்று கேட்கிறார். அவர் ஆட்டைப் பற்றிக் கேட்டார். வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த இரண்டு ஆராய்ச்சியாளர்களும் வந்த காரணம் வேறு. அதற்கு முன் நவஹோக்கள் சினிமாவில் வராமல் இல்லை. ஜான் போர்டு என்ற பெரிய டைரக்டர், 1939-ல் வெளிவந்த 'ஸ்டேஜ்கோச்' படத்தின் காட்சிகளை அவர்களுடைய பூமியான மானுமெண்ட் பள்ளத்தாக்கில் எடுத்தார். குதிரை மேல் பாய்ந்து வரும் அபாச்சிகள் அந்தப் படத்தில் உண்டு. அபாச்சிகளாக வேஷம் போட்டவர்கள் நவஹோக்கள்! இவர்களைப் பிறர் எப்படிப் பார்த்தார்கள் என்பது உலகத்துக்குத் தெரியும். காமிராவை இவர்கள் கையிலேயே கொடுத்தால் எதைப் பார்ப்பார்கள்? எந்த வரிசையில் பார்ப்பார்கள்? அதைத்தான் தெரிந்து கொள்ள விரும்பினார்கள்.

கிழவர் தடை சொல்லவில்லை. வகுப்பு ஆரம்பமாயிற்று. ஆறு பேர் சேர்ந்தார்கள். ஆண்கள் மூவர், பெண்கள் மூவர். சத்தம் பதிவு செய்யாத 16 மில்லிமீட்டர் காமிராக்களைக் கொடுத்தார்கள். பிலிமை எப்படி மாட்டுவது, வெளிச்சத்தை எப்படி அளப்பது, லென்ஸை எப்படித் திருப்புவது, எடுத்த பிலிமை வெட்டி எப்படி ஒட்டுவது, இவ்வளவுதான் பாடம். எதைப் படம் எடுக்க வேண்டும், எது அழகு, எதன் பின் எது வர வேண்டும் என்பதைப் பற்றி உபாத்தியாயர் வாய் திறப்பதில்லை என்று தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாடு விதித்துக் கொண்டார்கள்.

நேயர்களே, உங்களில் யாராவது உபாத்தியாயராக இருந்தால் இது எவ்வளவு கஷ்டமான விரதம் என்று தெரியும். ஏகாதசிப் பட்டினிகூட இதைவிடச் சுலபம். பிள்ளை தப்பாக எழுதும்போது நம் கை தானாகவே சிலேட்டை நோக்கிப் போகிறதே!

வாயை மூடிக் கொண்டிருந்ததன் பலன் சீக்கிரமே தெரிந்தது. ஜானி நெல்ஸன் என்ற மாணவர் ஒரு குதிரையைத் துண்டு துண்டாக எடுத்து வந்தார்: கண், கால், வால் என்று அருகே நின்று பிடித்த படங்கள். வேறு இடத்தில் ஜனக்கூட்டத்தின் நடுவே நின்ற குதிரைகளைத் தூரத்திலிருந்து எடுத்திருந்தார். இரண்டையும் கலந்து ஒட்டினால், பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே குதிரை என்றுதான் நினைப்பார்கள் என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். சினிமா என்ற வித்தைக்கே இதுதான் அஸ்திவாரம். ஸ்டூடியோக்காரர்கள் பல வருஷம் தட்டித் தடவி அறிந்ததை, யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர் தாமே கண்டு கொண்டார்.

ஆனால் என்னைக் கவர்ந்தது குதிரை அல்ல, நடை!

ஸூஸி பெனாலி என்ற பெண் தன் தாயார் கம்பளம் நெய்வதைப் படமாக எடுத்தாள். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? தறி, கை, நூல், முடிந்த கம்பளம். நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். ஸூஸியின் படத்தில் ஆடுகள் வருகின்றன. ரோமம் கத்தரிக்கிறார்கள். தாயார் நடந்து போய், கம்பளியை அலசுவதற்கு நுரை தரும் கிழங்கைத் தோண்டி எடுக்கிறாள். மறுபடி நடை, சாயத்துக்கு வேண்டிய செடிகளைத் தேடிப் பறிக்கிறாள். சிக்கெடுக்கிறாள், நூற்கிறாள், சாயம் தோய்க்கிறாள். படத்தில் பெரும் பகுதி இப்படிக் கழிந்த பிறகே தறியில் வேலை மும்முரமாகிறது.

ஜானி நெல்ஸன் எடுத்த வெள்ளித் தட்டான் படமும் அப்படியே. தட்டான் நடந்து போகிறான், போகிறான், போய்க் கொண்டே இருக்கிறான். கடைசியில் ஒரு சுரங்கத்தில் வெள்ளிக் கட்டியைத் தேடி எடுக்கிறான். வேடிக்கை என்னவென்றால், நவஹோக்கள் வெள்ளியைத் தோண்டி எடுத்தவர்களே அல்ல. நாணயங்களை உருக்கினார்கள், பிறகு வியாபாரிகளிடம் வெள்ளியை வாங்கினார்கள். இதைப் பற்றிப் புத்தகமே எழுதிய அடேர் பக்கத்தில் இருக்கிறார்! அவருக்கு எப்படி இருந்திருக்கும்? ஆயினும், ஒரு பொருளின் கதை அதன் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும், அதைத் தேடிப் போகும் வழியையும் காட்ட வேண்டும் என்பது படம் எடுத்தவருடைய மனசு. திருத்தியிருந்தால் தகவல் சரியாகியிருக்கும். அந்த மனசு தெரியாமலே போயிருக்கும்.

மைக் ஆண்டர்ஸன் என்பவர் ஓர் ஏரியைப் படமாக எடுத்தார். தண்ணீர் பிறக்கும் இடத்தில் தொடங்கி, சூரியன் போகிற வழியிலேயே ஏரியைச் சுற்றி வருகிறது படம். அந்த வரிசை மாறக் கூடாது. கோயில் பிரகாரத்தை இடமாகச் சுற்றுகிறவனைக் கண்டால் நம் பாட்டிமார் என்ன சொல்வார்கள் என்பதை நினைத்தால், அவருடைய பிடிவாதம் நமக்கு விளங்காமல் போகாது.

வொர்த்தும் அடேரும் இந்த அனுபவங்களை 1972-ல் புத்தகமாக வெளியிட்டார்கள். நடை என்பது நவஹோக்களுக்கு ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிற வெறும் காரியம் அல்ல; அவர்களுடைய புராணக் கதைகளிலேயே நடப்பது ஒரு முக்கியமான சம்பவம் என்று அதில் காட்டினார்கள். நம்மிடம் அந்தப் பிலிம் கிடைத்திருந்தால் முதல் வேலையாக நடையைத்தான் வெட்டியிருப்போம்!

* * *

அப்படியானால் காமிராவைக் கொடுத்துவிட்டு உபாத்தியாயர் ஒதுங்கி நின்றாலே போதுமா என்று கேட்கிறீர்கள். அவ்வளவு சுலபமாக இருந்தால் நன்றாகத்தான் இருக்கும். இதற்கு மறுபக்கமான கதை ஒன்று இருக்கிறது. அதையும் கேளுங்கள்.

இங்கிலாந்தில் டெவன் மாவட்டத்தில் டார்டிங்டன் ஹால் என்ற பள்ளிக்கூடம் 1926-ல் தொடங்கியது. அதை நிறுவிய தம்பதிகளில் கணவரான லெனார்ட் எல்ம்ஹர்ஸ்ட், ரவீந்திரநாத தாகூருடன் சேர்ந்து வங்காளத்தில் ஸ்ரீநிகேதனத்தைத் தொடங்கி வைத்தவர். தாகூர் காட்டிய வழியில் போன பள்ளி என்றால், பிரம்புக்கு அங்கே வேலை இல்லை என்று சொல்லவும் வேண்டுமா? 1987-ல் அந்தப் பள்ளி மூடப்பட்டுவிட்டது.

அங்கே ரிச்சர்ட் லீகாக் என்று ஒரு பையன் படித்தான். அவன் தகப்பனாருக்குக் கானரித் தீவுகளில் வாழைத் தோட்டம். சின்ன வயசிலேயே பையனைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். வெயிலும் கடலும் வாழைத் தோப்புமாக வளர்ந்த பிள்ளைக்கு அந்த ஊர்க் குளிரும் மழையும் எப்படி இருந்திருக்கும்! தன் ஊர் எப்படி இருக்கும் என்று சிநேகிதர்களிடம் சொல்லிப் பார்த்தால் யாருக்கும் புரியவில்லை. அந்தச் சமயத்தில் பள்ளியில் ஒரு ரஷ்யப் படம் காட்டினார்கள். 'துர்க்ஸிப்' என்று பெயர்; துருக்கிஸ்தானத்தையும் ஸைபீரியாவையும் இணைக்க ரயில் பாதை போட்டதைக் காட்டும் 1929-ஆம் வருஷத்துப் படம். பையனுக்கு ஆனந்தம். 'ஒரு காமிரா மட்டும் கிடைத்தால் என் ஊரை இவர்களுக்குக் காட்டிவிடலாமே!' என்று நினைத்தான்.

1935-ல் காட்டியும் விட்டான். 'கானரி வாழைப்பழம்' என்று சின்னதாக ஓர் ஊமைப் படம். வயசு பதினாலு. கன்று நடுவது, தண்ணீர் பாய்ச்சுவது, குலை வெட்டுவது, பெட்டியில் அடுக்குவது, கப்பல் ஏற்றுவது என்று எல்லாம் ஒழுங்காக வருகின்றன.

சபாஷ் என்று தட்டிக் கொடுக்க வேண்டிய காரியம்தானே? எல்லோரும் தட்டிக் கொடுக்கத்தான் செய்தார்கள். அவருக்கு மட்டும் திருப்தி இல்லை. வாழையைப் பற்றிய விஷயம் எல்லாம் படத்தில் இருக்கிறது, ஆனால் அந்தத் தோப்பில் நிற்பது எப்படி இருக்கும் என்பது மட்டும் இல்லை என்று பிற்காலத்தில் அவரே குறை சொன்னார். சிநேகிதர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டது எதுவோ அது மட்டும் வரவில்லை! ஏன்? தடுத்தவர் ஒருவரும் இல்லை. பார்த்த படம் தடுத்தது என்பது என் அபிப்பிராயம். ரயில் பாதையைப் படிப்படியாகக் காட்டிய படத்தைப் பார்த்தவன், வாழைக்குலையையும் படிப்படியாகக் காட்டினான். இன்று ஒரு வகுப்பில் காமிராவைக் கொடுத்துப் பாருங்கள். முதல் நாளே ஒருவன் மெதுவாக நடந்து வந்து தலையைச் சிலுப்புவான். இன்னொருவன் அடி விழுவதற்கு முன்பே பறந்து போய் விழுவான். பிள்ளைகள் சுயமாக எடுக்கிறார்கள் என்று நாம் நினைப்போம். எடுப்பது அவர்கள், எடுக்க வைப்பது போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த படம்.

லீகாக்கின் கதை அத்துடன் நிற்கவில்லை. ராபர்ட் பிளாஹெர்ட்டி என்ற புகழ் பெற்ற டைரக்டர், 'நானுக்' படம் எடுத்தவர், தம் பெண்களை அந்தப் பள்ளியில் படிக்க வைத்திருந்தார். அவர் பையனுடைய படத்தைப் பார்த்தார். பல வருஷம் கழித்து, 1948-ல் வெளிவந்த 'லூயிஸியானா ஸ்டோரி' படத்துக்கு லீகாக்கையே காமிராக்காரராக வைத்துக் கொண்டார். பின்னர் லீகாக்கும் அவருடைய கூட்டாளிகளும், தோளில் தூக்கிக் கொண்டே சத்தத்தையும் சேர்த்துப் பிடிக்கும் காமிராவை உருவாக்கப் பாடுபட்டார்கள். 1960-ல் கென்னடியும் ஹம்ப்ரியும் மோதிய தேர்தலைக் கூட்டத்தோடு கூட்டமாக நின்று 'பிரைமரி' என்ற படமாக எடுத்தார்கள். பிறகு மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வெகு காலம் சினிமா வாத்தியாராகவும் இருந்தார். 2011-ல் பாரிஸில் காலமானார். அவருடைய சுயசரிதைக்கு என்ன தலைப்பு தெரியுமா? 'அங்கே இருக்கும் உணர்வு' என்று பொருள்படும் தலைப்பு. பதினாலு வயசில் படத்துக்குள் வராமல் தப்பியதை எண்பது வயசு கடந்தும் தேடியிருக்கிறார் மனிதர்!

* * *

பார்த்த படங்களின் சாயலைப் பிள்ளைகளின் கண்ணிலிருந்து எப்படித்தான் அகற்றுவது? பிரான்ஸ் தேசத்தில் இதற்கு ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள். பணச் செலவே இல்லாத யுக்தி.

சினிமாவுக்கு நூறு வயசு நிறைந்த 1995-ஆம் வருஷத்தை ஒட்டி, பாரிஸில் உள்ள 'ஸினிமாதெக்' என்ற திரைப்படக் காப்பகம் பள்ளிகளுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. அதற்குச் சிந்தனை கொடுத்தவர்களில் முக்கியமானவர் அலென் பெர்காலா என்ற விமரிசகர். 2000-ஆம் வருஷத்தில் அந்நாட்டுக் கல்வி மந்திரி ஜாக் லாங், பள்ளிகளில் சினிமாக் கலையைப் புகுத்த இவரைத்தான் கூப்பிட்டார். 2002-ல் இதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அந்தத் திட்டம் இப்போது பிற தேசத்துப் பள்ளிகளுக்கும் பரவியிருக்கிறது. அதில் பிள்ளைகள் செய்யும் முதல் பயிற்சிகளில் ஒன்றுக்கு 'லூமியேர் நிமிஷம்' என்று பெயர்.

லூமியேர் சகோதரர்களை உங்களுக்குத் தெரியும். 1895 டிசம்பர் 28-ல் பாரிஸ் நகரத்து ஓட்டல் ஒன்றின் கீழறையில் காசு வாங்கிக் கொண்டு சினிமா காட்டியவர்கள். அவர்களுடைய பெட்டியில் 17 மீட்டர் பிலிம்தான் பிடிக்கும். கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தால் சுமார் 50 விநாடியில் தீர்ந்துவிடும். ஆகவே எங்கே நிற்பது, எப்போது சுற்ற ஆரம்பிப்பது என்பதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும். தங்கள் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதை அவர்கள் ஒரு தடவைக்கு மேல் எடுத்தார்கள். ஒன்றில் இரட்டைக் குதிரை வண்டி வரும். ஒன்றில் ஒற்றைக் குதிரை. இன்னொன்றில் வண்டியே இல்லை. முதல் சினிமாக்காரர்களும் 'இன்னொரு டேக்' கேட்டவர்கள்தான்!

பிள்ளைகளுக்கு அந்த ஐம்பது விநாடியைத்தான் கொடுக்கிறார்கள். காமிராவைத் தாங்கியில் நிறுத்த வேண்டும், அசைக்கக் கூடாது. ஒரே மூச்சில் ஒரு நிமிஷம். நடுவில் நிறுத்தவும் கூடாது, வெட்டவும் கூடாது. கதை கிடையாது, வசனம் கிடையாது, வேஷம் கிடையாது. தலையைச் சிலுப்பி நடக்கிற பையனுக்கு இதில் வேலையே இல்லை, பாருங்கள்!

இதை நீங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். செல்போன் போதும். ஒரு முக்காலி, அதன் மேல் நாலு புத்தகம், அதன் மேல் செல்போன். முதலில் பிள்ளையை வெறுங்கையோடு தெருவுக்கோ கொல்லைக்கோ அனுப்புங்கள். எதை எடுப்பது, எங்கிருந்து எடுப்பது, எந்த நொடியில் பொத்தானை அழுத்துவது. இந்த மூன்றையும் அவனே தீர்மானிக்கட்டும். அரை மணி ஆனாலும் ஆகட்டும். அந்த அரை மணியில் அவன் தெருவைப் பார்க்கிற பார்வையை நீங்கள் ஒளிந்திருந்து பார்க்க வேண்டும்! பொத்தானை அழுத்திய பிறகு அவனால் ஒன்றும் செய்ய முடியாது. பூனை வந்தால் வரும். எதிர்பார்த்த கீரைக்காரி வராமலே போகலாம்.

பிறகு எல்லோரும் கூடி உட்கார்ந்து பாருங்கள். லூமியேர் எடுத்த படங்களில் ஒன்று, குழந்தைக்குப் பெற்றோர் சோறு ஊட்டுவது. அதைப் பார்த்த அந்தக் காலத்து ஜனங்கள் குழந்தையைக் காட்டிலும் பின்னால் காற்றில் ஆடிய மர இலைகளைப் பார்த்து அதிசயித்தார்கள் என்று சொல்வார்கள். உங்கள் வீட்டு நிமிஷத்திலும் அப்படி ஓர் இலை எங்காவது ஆடும். அதை எடுத்த பிள்ளையே அப்போதுதான் கவனிப்பான். 'நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை' என்ற தீர்ப்பு மட்டும் வேண்டாம். 'ஏன் அங்கே நின்றாய்?' என்று ஒன்றே ஒன்று கேளுங்கள். பதில் உடனே வராது. காத்திருங்கள். அந்தத் தயக்கத்துக்குத்தான் இத்தனை பாடும்.

செல்போனைக் கையில் கொடுப்பது பற்றி உங்களுக்கு ஆட்சேபம் இருக்கலாம், எனக்கும் உண்டு. இந்தப் பயிற்சி பிறந்த பிரான்ஸிலேயே 2018-ஆம் வருஷத்துச் சட்டம், சிறுவர் பள்ளிகளில் செல்போனைத் தடுத்துவிட்டது. பாடத்துக்காக வாத்தியார் சொன்னால் மட்டும் விலக்கு. ஒரு நிமிஷம் முடிந்ததும் வாங்கி உள்ளே வைத்துவிடுங்களேன்!

* * *

மறுபடி பைன் ஸ்பிரிங்ஸுக்கு வருவோம். கோடைக்காலம் முடிவதற்குள் படங்கள் தயாராகிவிட்டன. நெசவுப் படம் எடுத்த ஸூஸி, காமிராவைத் தன் தாயாருக்கே சொல்லிக் கொடுத்தாள். தாயாருக்கு நவஹோ பாஷை தவிர வேறு தெரியாது. அந்த அம்மாள் காமிராவைத் திருப்பி, மகள் நெசவு செய்வதைப் படமாக எடுத்துவிட்டாள்!

எல்லாப் படங்களையும் ஊராரைக் கூட்டிப் போட்டுக் காட்டினார்கள். நெசவுப் படம் அவர்களுக்குப் பிடித்தது, புரிந்தது. ஆனால் ஆல் கிளா என்ற ஓவியக்கார இளைஞர் எடுத்த படம் வேறு மாதிரி. நிழல்கள் நகர்கின்றன, ஒரு வளையம் தானே உருண்டு போகிறது, ஒரு குச்சி சிலந்தி வலையைச் சீண்டுகிறது. மார்கரெட் மீட் என்ற பிரசித்தி பெற்ற மானிடவியல் அறிஞர் மிகவும் புகழ்ந்த படம் அது. ஊராரில் ஒருவரைக் கேட்டதற்கு, படம் இங்கிலீஷில் இருந்ததால் தமக்குப் புரியவில்லை என்றார். அது ஊமைப் படம்!

2002-ல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், பாதுகாக்க வேண்டிய தேசியத் திரைப்படங்களின் வரிசையில் இந்தப் படங்களையும் சேர்த்தது. அவற்றில் ஒன்றை எடுத்தவர்கள் இரண்டு சகோதரிகள், ஸாம் யாஜியின் பேத்திகள். ஒரு நோய் தீர்க்கும் சடங்கைப் பற்றிய படம். ஆரம்பத்திலேயே ஒரு கிழ வைத்தியர் வெட்டவெளியில் தனியாக நடந்து வருகிறார். குனிந்து ஒரு வேரைத் தோண்டுகிறார், மண்ணைத் தட்டிச் சுரண்டுகிறார், மறுபடி நடக்கிறார். ஆடுகளுக்கு லாபம் உண்டா என்று கேட்ட அந்தத் தாத்தாவேதான்.